அச்சுச் சுற்றின் தந்தை பால் ஐஸ்லர்

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி)

வானொலிப் பெட்டி, தொலைக்காட்சி, கைபேசி, மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பலகை இருக்கும். அதன் மேல் செம்புக் கோடுகள் எறும்பு வரிசைபோல் வளைந்தும் நெளிந்தும் ஓடும். அக்கோடுகளே கம்பிகள், அப்பலகையே கருவியின் உடல். மின்னணுவியல் பயிலும் மாணவர் இதனைப் பிசிபி என்பர். தமிழில் அச்சுச் சுற்றுப் பலகை எனலாம். அச்சு என்ற சொல் இங்கே எப்படி வந்தது? மின்சாரத்துக்கும் அச்சகத்துக்கும் என்ன உறவு? இக்கேள்விக்கு விடை தேடிப் போனால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் முடிகிறது. அவர்தான் பால் ஐஸ்லர். ஊர்விட்டு ஊர் வந்து, ஒரு விடுதி அறையில் தன் கையாலேயே பலகை செய்து, உலகம் முழுவதும் தன் வழியில் நடப்பதைக் கண்டும் அதற்குரிய பலனைப் பெறாது போனவர். அவர் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இளமையும் கல்வியும்

பால் ஐஸ்லர் 1907-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1930-இல் பட்டம் பெற்றார். பட்டம் கைக்கு வந்தது, வேலை வரவில்லை. உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. போதாக்குறைக்கு யூதர் மீதான வெறுப்பு ஆஸ்திரியாவில் நாளுக்கு நாள் வளர்ந்து வந்தது. தகுதி இருந்தும் பிறப்பின் காரணமாகக் கதவுகள் மூடப்படும் கொடுமையை நம் நாட்டினர் நன்கு அறிவர். ஐஸ்லரும் அதனை இருபத்து மூன்றாம் வயதிலேயே அறிந்தார்.

பிழைப்புத் தேடி அவர் பெல்கிரேடு நகருக்குச் சென்றார். ஓடும் இரயிலில் பயணிகள் வானொலி கேட்க வசதி செய்யும் திட்டம் ஒன்று அங்கே நடந்தது. இரயிலின் மின் கருவிகளால் வானொலியில் கரகரவென்று இரைச்சல் எழும். அதனை நீக்குவது அவர் வேலை. ஆனால் வேலை கொடுத்தவர்கள் பணமாகத் தர இயலாமல் தானியமாகத் தர முன்வந்தார்கள். தானியத்தை வைத்து என்ன செய்வது? ஐஸ்லர் வியன்னாவுக்கே திரும்பினார்.

அச்சகம் கற்பித்த பாடம்

திரும்பி வந்தவருக்கு வானொலி பற்றிய இதழ் ஒன்றில் பணி கிடைத்தது. பொறியாளருக்கு இதழில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அங்கேதான் அவர் வாழ்வின் திருப்பம் காத்திருந்தது. இதழ் வேலையோடு அச்சுத் தொழிலின் நுட்பங்களையும் அவர் கற்றுக்கொண்டார்.

அச்சகத்தில் படங்களை அச்சிட உலோகக் கட்டை செய்வார்கள். உலோகத் தகட்டின் மேல் படத்தின் வடிவில் ஒரு பூச்சு இடுவார்கள். பின்னர் தகட்டை அமிலத்தில் போடுவார்கள். பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. மற்ற இடத்தை அரித்துவிடும். எஞ்சி நிற்பது படம். அதன் மேல் மை தடவி ஆயிரம் பிரதி எடுக்கலாம். ஆயிரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

அந்நாளில் வானொலிப் பெட்டி எப்படிச் செய்யப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உலோகச் சட்டத்தின் மேல் வால்வுகளைப் பொருத்தி, அடியில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒவ்வொரு கம்பியாக வெட்டி, நுனியைச் சீவி, முறுக்கி, ஈயப் பற்று வைப்பார்கள். ஒரு பெட்டிக்கு நூற்றுக்கணக்கான பற்றுகள். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் பெட்டி பேசாது. எந்தப் பற்று என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு பெட்டிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதும் அரிது.

ஒரு பக்கம் அச்சகம். மறுபக்கம் வானொலிப் பட்டறை. இரண்டையும் ஒருசேர அறிந்தவர்கள் மிகச் சிலர். ஐஸ்லர் அவர்களில் ஒருவர். படத்துக்குப் பதிலாக மின்சுற்றின் கோடுகளைத் தகட்டில் வரைந்து, மற்றதை அரித்துவிட்டால் என்ன? எஞ்சுவது கம்பிகளின் வலை அல்லவா? ஒருமுறை வரைந்தால் ஆயிரம் பிரதி எடுக்கலாம் அல்லவா? இவ்வெண்ணமே அவர் வாழ்நாள் முழுவதும் அவரை இழுத்துச் சென்றது.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தட்டையான உலோகக் கீற்றுகளைக் கம்பிகளாகப் பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்தது. ஆல்பர்ட் ஹான்சன் என்பவர் 1903-இலேயே அத்தகைய காப்புரிமை கோரினார். ஆர்தர் பெர்ரி 1913-இலும், சார்லஸ் டூகாஸ் 1925-இலும் வெவ்வேறு முறைகளைக் கூறினர். ஆயினும் அவற்றை ஓடும் கருவியாக்கி, தொழிலாக்கி, உலகை ஏற்கச் செய்யப் பாடுபட்டவர் ஐஸ்லரே. அதனால்தான் அவரைத் தந்தை என்கிறோம்.

இலண்டன் விடுதி அறையில்

1936-இல் ஐஸ்லர் இங்கிலாந்துக்குச் சென்றார். கையில் இருந்தவை இரண்டு கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை ஆவணங்கள்; வேலை கிடையாது. இலண்டன் நகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஒரு விடுதியில் தங்கினார். ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை. அந்த அறையிலேயே அச்சுச் சுற்று கொண்ட வானொலி ஒன்றைச் செய்து முடித்தார். இன்று உலகின் பெருந்தொழிற்சாலைகளில் உருவாகும் பொருளின் தொட்டில் ஒரு வாடகை அறை என்றால் மிகையாகாது.

அவர் செய்ததன் அருமை, நாமே ஒன்றைச் செய்து பார்த்தால்தான் விளங்கும். இவ்வாண்டு எங்கள் துறையின் செய்முறைத் திட்டத்துக்காகச் சூளை வெப்பத்தைக் காட்டும் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டேன். நம் ஊர் பீங்கான் ஊர். அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் வேகும் சூளைகளில் வெப்பம் ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும். அனுபவம் மிக்க சூளைக்காரர்கள் துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். அதனை எண்ணாகக் காட்ட வேண்டுமென்றால் வெப்ப மின்னிரட்டை வேண்டும். கே வகை மின்னிரட்டை ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோ வோல்ட்தான் தரும். ஆயிரம் டிகிரிக்கும் 41 மில்லி வோல்ட்டே. இதை நூறு மடங்கு பெருக்கினால்தான் 4 வோல்ட் அளவில் மீட்டரில் காணலாம். இத்தகைய மெல்லிய மின்னழுத்தத்தைத் தற்காலிகக் கம்பிகளில் அனுப்பினால், கம்பியைத் தொட்டாலும் முள் ஆடும். மேசை அசைந்தாலும் முள் ஆடும். ஆடாத கம்பி வேண்டும். அதாவது ஐஸ்லரின் பலகை வேண்டும்.

ஆகவே வீட்டிலேயே செய்தேன். செம்புத் தாள் ஒட்டிய பலகை மின்னணுப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும். அதன் செம்பு 35 மைக்ரான் தடிப்பு; தலைமுடியை விட மெல்லியது. அதைச் சோப்பும் தேய்ப்பானும் கொண்டு பளிச்சென்று கழுவ வேண்டும். விரல் ரேகை பட்டாலும் அவ்விடம் சரியாக அரிக்காது. பிறகு சுற்றின் கோடுகளை அழியாத மைப் பேனாவால் வரைந்து, மெல்லிய இடங்களில் நகப்பூச்சு தடவினேன். இங்கே ஒரு நுட்பம் உண்டு. உறுப்புகள் பலகையின் ஒரு பக்கம், செம்பு மறுபக்கம். ஆதலால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளை இடவலமாகப் படிப்பதைப் போன்றதே இது. அச்சகத்தில் பழகிய ஐஸ்லருக்கு இது இயல்பாகவே வந்திருக்கும்.

அடுத்து அரிப்பு. இரும்பின் உப்பாகிய பெரிக் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து அதில் பலகையை இட வேண்டும். பெரிக் குளோரைடு செம்போடு வினைபுரிந்து தான் பெரஸ் குளோரைடாகிறது. செம்பு, குளோரைடாக மாறிக் கரைந்து போகிறது. இக்கரைசலை இரும்பு, அலுமினியப் பாத்திரங்களில் வைத்தால் பாத்திரத்தையே தின்றுவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக், அல்லது மெருகேற்றிய பீங்கான்தான் தாங்கும். பீங்கானுக்கு நம் ஊரில் பஞ்சமா? விளிம்பு சற்றுக் கோணியதால் இரண்டாந்தரம் என ஒதுக்கப்பட்ட தட்டு ஒன்று கிடைத்தது. கையுறை அணிந்து, சன்னல் ஓரத்தில் அமர்ந்து, தட்டை முறத்தில் அரிசி அசைப்பதுபோல் மெல்ல அசைத்தேன். கரைசல் வெதுவெதுப்பாக இருந்தால் வினை விரைவில் நடக்கும். அரை மணியில் சிவந்த செம்பு விளிம்பிலிருந்து கரைந்து, வரைந்த கோடுகள் மட்டும் தீவுகளாக நின்றன. கழுவி, பூச்சை நீக்கி, ஒரு மில்லி மீட்டர்த் துளைகள் இட்டு, உறுப்புகளைச் செருகிப் பற்று வைத்ததும் பலகை ஆயிற்று. மீட்டர் முள் ஆடாமல் நின்றது.

செய்து பார்க்க விரும்பும் தோழர், தோழியருக்கு ஓர் எச்சரிக்கை. பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையிலோ மணிமுத்தாற்றிலோ கொட்டாதீர்கள். அதில் உள்ள செம்பு மீனுக்கு நஞ்சு. சலவைச் சோடா இட்டு வீழ்படிவாக்கி, வண்டலைத் தனியே சேர்த்து, துறை ஆய்வுக்கூடத்தில் ஒப்படையுங்கள்.

பெண்களின் கூலி மலிவு

ஐஸ்லர் தம் வானொலியைப் பிளெஸ்ஸி என்னும் பெரிய நிறுவனத்திடம் கொண்டு போனார். அவர்கள் பார்த்தார்கள்; மறுத்துவிட்டார்கள். பலகை வேலை செய்யவில்லை என்பது காரணமன்று. கம்பி இணைக்கும் வேலையைப் பெண்கள் செய்து வந்தனர். அவர்களைக் கொண்டு செய்வதே மலிவு. வடிவம் மாறினாலும் அவர்கள் உடனே கைமாற்றிச் செய்துவிடுவார்கள். புதிய முறை எதற்கு என்பதே காரணம்.

இவ்வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். ஓர் அரிய கண்டுபிடிப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போனதற்கு, பெண்களுக்குக் கொடுத்த கூலி அவ்வளவு குறைவாக இருந்ததே காரணம்! உழைப்பு மலிவாக இருக்கும் இடத்தில் அறிவுக்கும் வேலை இல்லாமல் போகிறது. நம் ஊரில் காலை முதல் மாலை வரை குனிந்தபடியே அகலையும் பொம்மையையும் தீட்டும் பெண்களை நாம் தினமும் காண்கிறோம். அவர்கள் விரல்களின் நுட்பம் எந்த இயந்திரத்துக்கும் குறைந்ததன்று. அவ்விரல்களுக்கு உரிய மதிப்பைக் கொடுப்பது இரக்கம் மட்டும் அன்று. ஒரு நாட்டின் தொழில் முன்னேற்றமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை ஐஸ்லரின் வரலாறு உணர்த்துகிறது.

சிறையும் கையெழுத்தும்

வானொலி விலைபோகாத நிலையில், ஓடியன் திரையரங்குக் குழுமத்தில் திரையரங்குத் தொழில்நுட்பப் பணி ஐஸ்லருக்குக் கிடைத்தது. இதற்கிடையே 1938-இல் இட்லரின் செர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. திரும்பிப் போக நாடு இல்லாமற் போயிற்று. 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர் என்றாலும், பிறந்த இடம் ஆஸ்திரியா என்பதால் எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவரை முகாமில் அடைத்தது. யாருக்கு அஞ்சி ஓடி வந்தாரோ அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டதைக் காட்டிலும் கசப்பானது வேறென்ன இருக்க முடியும்?

1941-இல் விடுதலை ஆனார். இம்முறை வானொலி நிறுவனத்தை நாடாமல் அச்சகத்தையே நாடினார். இலண்டன் கேம்பர்வெல் பகுதியில் ஹெண்டர்சன் அண்டு ஸ்பால்டிங் என்னும் அச்சு நிறுவனம் இருந்தது. அதன் தலைவர் ஹெரால்டு வெசி ஸ்டிராங் ஐஸ்லரின் எண்ணத்தில் பணம் போட இசைந்தார். டெக்னோகிராப் என்னும் துணை நிறுவனம் அதற்குக் கருவியாயிற்று. ஒப்பந்தம் நீட்டப்பட்டது. ஐஸ்லர் கையெழுத்திட்டார், முழுதும் படிக்காமல் இட்டார்.

பணிக்காலத்தில் அவர் கண்டுபிடிக்கும் எல்லாவற்றின் உரிமையும் பெயரளவில் ஒரு பவுண்டுக்கு நிறுவனத்தைச் சேரும் என்று அதில் இருந்தது. நிறுவனத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு அவருக்கும் பங்கு தரப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் தன் கண்டுபிடிப்பின் கடிவாளம் தன் கையை விட்டுப் போயிற்று. ஏன் படிக்கவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வது எளிது. நாடிழந்து, முகாமிலிருந்து வெளிவந்து, ஐந்தாண்டுகளாகக் கதவு கதவாகத் தட்டிய ஒருவருக்கு முதல் கதவு திறக்கும்போது, நிலைப்படியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தோன்றுமா? எளியவரின் அவசரமே வலியவரின் முதல்.

போரும் புகழும்

1942-இல் அவர் அச்சுச் சுற்று கொண்டு செய்த வானொலி இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு உரியதாகப் பேணப்படுகிறது. 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது பின்னர் மூன்றாகப் பிரிக்கப்பட்டு 1950-இல்தான் வழங்கப்பட்டது.

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவிலும் அச்சுச் சுற்றின் தேவை எழுந்தது. இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுகளுக்கு, உள்ளங்கையில் அடங்கும் வானொலிக் கருவி ஒன்று வேண்டியிருந்தது. குண்டு கிளம்பும்போது புவியீர்ப்பைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு அதிர்ச்சி தாக்கும். தொங்கும் கம்பி எதுவும் அதைத் தாங்காது. ஆகவே ஸ்டியடைட் என்னும் பீங்கான் தகட்டின் மேல் வெள்ளி மையால் கோடுகளை அச்சிட்டுச் சுட்டார்கள். நம் வீட்டுக் கல்சட்டி செய்யும் மாக்கல்லின் இனமே ஸ்டியடைட்டின் மூலப்பொருள். இது செம்பை அரிக்கும் ஐஸ்லரின் முறை அன்று. ஆயினும் கம்பியை அச்சிடலாம் என்ற கருத்து ஒன்றே. பீங்கான் ஊரில் பிறந்த நாம், மின்னணுவியலின் விடியலில் பீங்கானுக்கும் பங்கு உண்டு எனப் பெருமை கொள்ளலாம். பீங்கான் தகட்டில் அச்சிடும் முறை இன்றும் மறையவில்லை. வெப்பம் மிகுந்த இடங்களில் இயங்கும் கருவிகளில் அது பயன்படுகிறது.

போர் முடிந்த பின் கருத்து காட்டுத்தீயாகப் பரவியது. 1948-இல் அமெரிக்கா விமானக் கருவிகளின் சுற்றுகள் அச்சிடப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அடுத்து, துளையில் செருகிய உறுப்புகள் அனைத்தையும் உருகிய ஈயத்தில் ஒரே முழுக்காக முழுக்கிப் பற்றவைக்கும் முறையை அமெரிக்கப் படையின் பொறியாளர்கள் கண்டனர். டிரான்சிஸ்டரும் வந்து சேர்ந்தது. 1950-களில் கையடக்க வானொலிகள் கடைக்கு வந்தபோது அவற்றின் உள்ளே செம்புக் கோடுகள் ஓடின.

உலகம் வளர்ந்தது; டெக்னோகிராப் வளரவில்லை. மிகச் சில நிறுவனங்களே உரிமம் பெற்றன. மற்றவை பணம் தராமலே பயன்படுத்தின. 1957-இல் ஐஸ்லர் நிறுவனத்தை விட்டு விலகினார். 1963-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் மீது டெக்னோகிராப் தொடுத்த வழக்கு தோற்றது. முன்னோர் சிலர் கூறியவற்றைக் காட்டி, காப்புரிமையின் பெரும்பகுதியை நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.

ஓயாத கை

வழக்கில் தோற்றவர் வாழ்வில் ஓய்ந்தாரா? இல்லை. செம்புத் தாளில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் பிறக்கும் என்பதைக் கொண்டு சுவரையும் தரையையும் சூடாக்கும் தாள், உணவைச் சூடாக வைத்திருக்கும் உறை, காரின் பின்கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் கம்பிக் கோடுகள் எனப் பலவற்றைச் சிந்தித்தார். இவற்றாலும் அவர் பெருஞ்செல்வர் ஆகிவிடவில்லை. 1989-இல், அச்சுச் சுற்றோடு தாம் வாழ்ந்த வாழ்க்கையைத் தன் வரலாற்று நூலாக எழுதினார். 1992-இல் பிரிட்டனின் மின்பொறியாளர் கழகம் அவருக்கு நஃபீல்டு வெள்ளிப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அவ்வாண்டே அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள் இலண்டனில் தம் 85-ஆம் வயதில் மறைந்தார்.

நமக்கு உரைப்பது

ஐஸ்லரின் வாழ்வில் நாம் கொள்ள வேண்டியவை சில உண்டு. ஒரு துறையின் அறிவை மற்றொரு துறைக்கு எடுத்துச் செல்பவனே புதியதைக் காண்கிறான். பொறியியல் படித்தவர் அச்சகத்தில் வேலை செய்ய நேர்ந்ததை இழிவாகக் கருதியிருந்தால் அச்சுச் சுற்று அவர் கையில் பிறந்திருக்காது. ஆகவே நண்பர்களே, படித்த படிப்புக்கும் கிடைத்த வேலைக்கும் தொடர்பில்லையே என்று மனம் தளர வேண்டாம். அரசு கலைக் கல்லூரியில் பயின்ற நமக்குப் பெரிய ஆய்வுக்கூடம் இல்லையே என்ற ஏக்கமும் வேண்டாம். ஒரு வாடகை அறையும் ஒரு தட்டும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

மற்றொன்றும் உண்டு. இன்னும் சில திங்களில் நம்மில் பலர் வேலைக்குச் செல்வோம். பணி ஒப்பந்தம், கடன் பத்திரம், பயிற்சி உறுதிமொழி எனப் பல தாள்கள் நம்முன் நீட்டப்படும். அவை பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும், நீட்டுபவர் அவசரப்படுத்துவார், நமக்கும் வேலையின் தேவை இருக்கும். முதல் தலைமுறையாகப் படித்து வெளியேறும் நமக்கு அருகிருந்து எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமலும் இருக்கலாம். அவ்வேளையில் ஒரு பவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். புரியாத வரியைக் கேட்டுத் தெளிவது அறியாமை அன்று. நம் ஆசிரியர்களிடம் கொண்டு வந்து காட்டினாலும் அவர்கள் மகிழ்ச்சியோடு படித்துச் சொல்வார்கள்.

செம்பை அரித்துக் கோடு காட்டியவர் ஐஸ்லர். அக்கோடுகளின் வழியேதான் இன்று உலகின் பேச்சும் பாட்டும் கணக்கும் ஓடுகின்றன. அவற்றை வாய்ப்புக் கிடைக்கும்போது ஒருமுறை நீங்களும் உங்கள் கையால் வரைந்து பாருங்கள்.